ஸ்டென்ட் வைத்தவருக்குக் குடல் ஆபரேஷன்: அன்னைக்குக் காலையில் எந்த மாத்திரை?

மஞ்சக்காடு
(பணி மருத்துவர், கோபி பக்கம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. அடுத்த வியாழன் தியேட்டருக்குப் போற ஒருத்தரோட மாத்திரைச் சீட்டில் சந்தேகம். இன்னைக்குச் செவ்வாய், கையில ஒன்பது நாள் இருக்கு.

68 வயசு ஆண், 58 கிலோ, மஞ்சள் விவசாயி. சீக்கத்தில் (பெருங்குடல் ஆரம்பிக்கிற இடம்) புற்றுநோய். வலது ஹெமிகொலக்டமி (பெருங்குடலோட வலது பாதியை எடுக்கறது), வயித்தைத் திறந்துதான் பண்றாங்க. 14 மாசத்துக்கு முன்ன மாரடைப்பு வந்து எல்ஏடியில் (இதயத்தோட முன்பக்க ரத்தக்குழாய்) மருந்து பூசின ஸ்டென்ட் ஒண்ணு வெச்சிருக்கு. எக்கோவில் இஎஃப் (ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளுற ரத்தத்தின் சதவீதம்) 48. அதுக்கப்புறம் நெஞ்சுவலி கிடையாது. இப்பவும் மம்முட்டி பிடிச்சு மடை மாத்துறார், மேடேறிப் போய் மோட்டார் போட்டுட்டு வர்றார், மூச்சு வாங்கறதில்லை. ஹீமோகுளோபின் 8.6, கிரியேட்டினின் 1.4, நாடி 62, பிரஷர் 128/76. இன்சுலின் இல்லை.

மாத்திரை மூணே மூணுதான். காலையில் ரெண்டு: இதயத்துக்கும் பிரஷருக்கும் மெட்டோபுரோலால் சக்சினேட் 50-ம் டெல்மிசார்ட்டன் 40-ம் சேர்ந்தது ஒண்ணு, சர்க்கரைக்கு டபாக்ளிஃப்ளோசின் 10-ம் மெட்ஃபார்மின் 500-ம் சேர்ந்தது ஒண்ணு. ராத்திரிக்கு ஒரு கேப்சூல், அதுக்குள்ள ரத்தம் இளக்க ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரல் 75, கொழுப்புக்கு ஸ்டாட்டின் வகை மருந்து அட்டோர்வாஸ்டாட்டின் 20.

சர்ஜன் எழுதின குறிப்பு இது: "ரத்தம் இளக்கும் மாத்திரையை 5 நாள் முன்பே நிறுத்தவும். ஆபரேஷன் அன்று பிரஷர் மாத்திரை வேண்டாம். இதயப் பாதுகாப்புக்கு அன்று காலை மெட்டோபுரோலால் 100 கொடுக்கவும்."

ரெண்டாவது வரியும் மூணாவது வரியும் ஒண்ணோட ஒண்ணு முட்டுது. 100 கொடுக்கறதில் அர்த்தம் இருக்குங்களா? நைட்ரோகிளிசரின் டிரிப், ஸ்டாட்டின் லோடிங் (ஆபரேஷனுக்கு முன்ன பெரிய டோஸ்) மாதிரி வேற ஏதாச்சும் சேர்க்கணுங்களா? ஆபரேஷன் முடிஞ்சு வாய்வழியா எடுக்க முடியாத நாள்ல என்ன பண்றது?

*

நொய்யல்
(மயக்கவியல், கோவை)

தம்பி, மூணாவது வரியை முதல்ல அடிச்சிருங்க. ரெண்டாவது வரியைத் திருத்தி எழுதணும்.

அன்னைக்குக் காலையில் பீட்டா பிளாக்கரை (மெட்டோபுரோலால் மாதிரி நாடியைக் குறைக்கிற மருந்து) புதுசா ஆரம்பிக்கிறதும் டோஸை இரட்டிப்பாக்குறதும் ஒரே தப்போட ரெண்டு முகம். இந்த வழக்கம் 1990-களின் சின்ன ஆய்வுகளில் இருந்து வந்தது. 1996-ல் அட்டெனலாலை வெச்சு நடந்த ஆய்வில் மொத்தமே 200 பேர். அப்புறம் டிக்ரீஸ்னு வரிசையா வந்த நெதர்லாந்து ஆய்வுகள் அதைத் தூக்கிப் பிடிச்சுது. 2011-க்கு மேல விசாரிச்சப்ப அதோட தரவையே நம்ப முடியாதுன்னு ஆயிருச்சு. நடுவில் 2008-ல் வந்ததுதான் பாய்ஸ் ஆய்வு, 8,351 பேர். ஆபரேஷனுக்கு 2 முதல் 4 மணி நேரம் முன்ன மெட்டோபுரோலால் சக்சினேட் 100 மி.கி., முடிஞ்சு 6 மணி நேரத்துக்குள்ள இன்னொரு 100, அப்புறம் தினம் 200-னு 30 நாள். உங்க சர்ஜன் எழுதினது ஏறக்குறைய இதோட முதல் டோஸ்தான்.

முடிவு என்னன்னா, மாரடைப்பு நிஜமாவே குறைஞ்சுது: ஆயிரத்துக்கு 57 இருந்தது 42 ஆச்சு. ஆனா சாவு 23-ல் இருந்து 31-க்குப் போச்சு, பக்கவாதம் 5-ல் இருந்து 10 ஆச்சு. காரணம் தாழ்ந்த பிரஷர். மருந்து வாங்கினவங்களில் 100-க்கு 15 பேருக்குப் பிரஷர் இறங்குச்சு, வாங்காதவங்களில் 10-க்குக் கிட்ட. ரத்தம் போகும்போதோ கிருமி ஏறும்போதோ இதயம் வேகமாத் துடிச்சுத்தான் ஈடு கட்டும். அந்த வழியை மருந்தால் அடைச்சுட்டா மூளைக்குப் போற ரத்தமும் குறையும்.

அதுக்காக 50-ஐ நிறுத்திராதீங்க, அது இதைவிட மோசம். மாசக்கணக்கா பீட்டா பிளாக்கர் எடுக்கிற உடம்பு, அட்ரினலின் வந்து ஒட்டுற ரிசப்டர்களைக் கூட்டி வெச்சிருக்கும். திடீர்னு மருந்து நின்னா, ஆபரேஷன் நேரத்து அட்ரினலின் அத்தனை ரிசப்டர் மேலயும் ஒரே நேரத்தில் வந்து உக்காரும். நாடி 60-ல் ஒரு சுற்றுக்கு 1 விநாடி, 100-ல் 0.6 விநாடி. குறையற நேரம் பெரும்பாலும் இதயம் தளர்ந்திருக்கிற நேரம். இடது வென்ட்ரிக்கிளோட தசைக்கு ரத்தம் அதிகம் பாயறதே அந்த நேரத்தில்தான். ஸ்டென்ட் வெச்ச எல்ஏடிக்கு அது தாங்காது.

ஆக, வியாழன் காலை 6 மணிக்கு மெட்டோபுரோலால் சக்சினேட் 50, வழக்கமான அதே டோஸ், 30 மி.லி. தண்ணியோட. "வெறும் வயிறு"ன்னு சொன்னா வீட்டில் மாத்திரையையும் சேர்த்து விட்டுருவாங்க, அதனால தனியா எழுதுங்க. நாடி 50-க்குக் கீழயோ மேல் பிரஷர் 100-க்குக் கீழயோ இருந்தா மட்டும் கொடுக்காம எங்களைக் கூப்பிடச் சொல்லுங்க.

டெல்மிசார்ட்டன் கதை வேற. அதை விட்டுட்டு வர்றதுதான் எங்களுக்கு வசதி. 2024-ல் வந்த பிரெஞ்சு ஆய்வில் 2,222 பேர். ஒரு பாதி 48 மணி நேரம் முன்ன நிறுத்தினாங்க, ஒரு பாதி தொடர்ந்தாங்க. சாவும் பெரிய சிக்கலும் ரெண்டு பக்கமும் 22 சதவீதம், வித்தியாசமே இல்லை. ஆனா தொடர்ந்தவங்களுக்குத் தியேட்டருக்குள்ள பிரஷர் விழுந்தது 54 சதவீதம், நிறுத்தினவங்களுக்கு 41. அதனால இது உயிர் போற விஷயம் இல்லை, தலைவலியைக் குறைக்கிற விஷயம். இவருக்கு நாங்க எபிடியூரலும் (வலி தெரியாம இருக்க முதுகில் போடற ஊசி) போடுவோம், அதுவும் பிரஷரை இறக்கும். டெல்மிசார்ட்டன் உடம்பில் ரொம்ப நேரம் நிக்கும், அடுத்த செவ்வாய்க் காலையோட நிறுத்திட்டா நல்லது. இஎஃப் நல்லாக் குறைஞ்சு ஹார்ட் ஃபெயிலியர் இருக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்க தொடர்றதே நியாயம். இவருக்கு 48, ஃபெயிலியர் இல்லை.

டபாக்ளிஃப்ளோசினைச் சர்ஜன் குறிப்பில் யாரும் தொடவே இல்லை, கவனிச்சீங்களா? ஞாயிறு கடைசி டோஸ். திங்கள், செவ்வாய், புதன் மூணு நாள் முழுசா இல்லாம இருக்கணும். பட்டினியும் குடல் சுத்தம் பண்ற மருந்தும் சேர்ந்தா கீட்டோன் (கொழுப்பு கரையும்போது வர்ற அமிலம்) ஏறும், ஆனா சர்க்கரை 160, 180-னு சாதாரணமாவே இருக்கும். குளுக்கோமீட்டரைப் பார்த்து ஏமாந்திருவோம். ஆபரேஷனுக்கு அடுத்த நாள் காரணமில்லாம மூச்சு வேகமாகி வாந்தி வந்தா, ஏபிஜியும் (தமனி ரத்தத்தில் அமிலம், வாயு அளவு பார்க்கிற டெஸ்ட்) ரத்தக் கீட்டோனும் பாருங்க. அந்த நாடித் துடிப்பை "இதயம்"னு நினைச்சு மெட்டோபுரோலாலை ஏத்திராதீங்க.

*

அமராவதி
(மருந்தாளுநர், தாராபுரம்)

டாக்டர், உங்க பிரச்சினை மருந்தில் இல்லீங்க, அட்டையில் இருக்குது.

இவர்கிட்ட இருக்கிறது மூணு மாத்திரை, ஆனா ஏழு மருந்து. சர்ஜன் சொன்னதை அப்படியே வீட்டில் செஞ்சா என்ன ஆகும்னு பாருங்க. "ரத்தம் இளக்கும் மாத்திரை"ன்னா அவருக்கு அந்த ராத்திரிக் கேப்சூல். அதை நிறுத்தினா குளோபிடோக்ரலோட ஆஸ்பிரினும் போச்சு, ஸ்டாட்டினும் போச்சு. "பிரஷர் மாத்திரை"ன்னா காலை மாத்திரை. அதை நிறுத்தினா டெல்மிசார்ட்டனோட மெட்டோபுரோலாலும் போச்சு. இதயத்துக்குக் காவல் இருக்கிற மூணையும் பிடுங்கிட்டு, சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கிட்டு மேசையில் ஏறுவார், அதுதான் நிறுத்த வேண்டியது! பாதி உடைச்சுச் சாப்பிடற யோசனையும் வேண்டாமுங்க. காலை மாத்திரையை உடைச்சா ரெண்டு மருந்தும்தான் பாதியாகும்.

அதனால இன்னைக்கே சீட்டை மாத்துங்க. சேர்ந்த மாத்திரை எதுவும் வேண்டாம்னு எழுதிட்டு, ஒரு வரிக்கு ஒரு மருந்து. மெட்டோபுரோலால் எழுதும்போது "சக்சினேட்"டுங்கற வார்த்தையை விட்டுறாதீங்க. வெறும் "மெட்டோபுரோலால் 50"-னு வந்தா கடையில் டார்ட்ரேட்டும் கொடுப்பாங்க, சக்சினேட்டும் கொடுப்பாங்க. டார்ட்ரேட் ரெண்டு வேளை போட வேண்டிய மாத்திரை. ஒரு வேளை மட்டும் போட்டா விடியக்காலையில் வேலை செய்யாது, நாடி ஏறும் நேரமும் அதுதான். சக்சினேட்டை நடுக்கோட்டில் உடைக்கலாம், ஆனா பொடிக்கவோ மெல்லவோ கூடாது. பொடிச்சா ஒரு நாள் முழுக்க மெதுவா இறங்க வேண்டியது மொத்தமா இறங்கிடும்.

அட்டை வாங்கினதும் பின்பக்கம் திருப்பி, பேரைப் பார்க்காம சேர்மானத்தைப் படிங்க. பேருக்குப் பின்னால ஒட்டியிருக்கிற ஏஎம்-ம் எச்-சும்தான் ஆளைக் கவுக்கறது. ஏஎம்-னா அம்லோடிபின் சேர்ந்தது, எச்-னா தண்ணி பிரிக்கிற ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்தது. குடல் சுத்தத்துக்குப் பேதி போய்க்கிட்டு இருக்கும்போது அந்த எச்-சும் சேர்ந்தா பொட்டாசியம் கீழே போயிடும்.

காகிதக் கவர் அஞ்சு வாங்கி, தமிழில் பேரும் கிழமையும் எழுதிக் கொடுங்க. குளோபிடோக்ரல் கவரில் "இந்தப் புதன் ராத்திரியோட சரி". டெல்மிசார்ட்டனில் "அடுத்த செவ்வாய்க் காலையோட சரி". டபாக்ளிஃப்ளோசினில் "ஞாயித்துக்கிழமையோட சரி". மெட்ஃபார்மினில் "அடுத்த வியாழன் காலை வேண்டாம்". ஆஸ்பிரின், அட்டோர்வாஸ்டாட்டின் ரெண்டும் ராத்திரி மருந்து, ஒரே கவரில் போட்டு "நிறுத்தவே கூடாது"ன்னு சிவப்பு மையில். மெட்டோபுரோலாலை அவங்க இன்னும் அட்டையாவே வெச்சுக்கட்டும், நாள் எண்ணிப் பார்க்க வசதி.

*

சிறுவாணி
(இதயவியல், கோவை)

அமராவதி சொன்னதற்கு மேல் பெரிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை. காரணங்களை மட்டும் சொல்கிறேன்.

குளோபிடோக்ரல் நாளை புதன் இரவோடு நிற்கலாம். மாரடைப்புக்கு வைத்த ஸ்டென்ட்டுக்கு இரண்டு மருந்தும் சேர்ந்து தேவைப்படும் காலம் பொதுவாக 12 மாதம். இவருக்கு 14 முடிந்துவிட்டது. உண்மையில் இரண்டு மாதம் முன்பே யாராவது மறுபரிசீலனை செய்திருக்க வேண்டும். குளோபிடோக்ரல் தட்டணுவை நிரந்தரமாகக் கட்டிப்போடும். தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள், ஆகவே 5 நாளில் ஏறக்குறையப் பாதி புதிதாகிவிடும். வயிற்று ஆபரேஷனுக்கு அது போதும். எபிடியூரல் ஊசி போடப்போவதால் 7 நாள் விடுவது நிம்மதி, உங்களிடம் நாளும் இருக்கிறது. அதே வகையில் பிரசுக்ரல் என்றால் 7 நாள், டிகாக்ரலார் என்றால் 3 முதல் 5.

ஆஸ்பிரின் 75 நிற்கக் கூடாது. 2014-இல் வந்த பாய்ஸ்-2 ஆய்வைக் காட்டி "ஆஸ்பிரினால் பயனில்லை" என்று சிலர் நிறுத்தச் சொல்வார்கள். 10,010 பேரில் சாவு அல்லது மாரடைப்பு ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு 7.0 சதவீதம், எடுக்காதவர்களுக்கு 7.1. பெரிய ரத்தப்போக்கு 4.6-க்கு எதிராக 3.8. எண்கள் சரி, ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஸ்டென்ட் இல்லாதவர்கள். முன்பு ஆஞ்சியோபிளாஸ்டி செய்திருந்த 470 பேரைத் தனியே பார்த்தபோது, அதே சாவும் மாரடைப்பும் சேர்ந்து ஆஸ்பிரினோடு 6.0, இல்லாமல் 11.5. உங்கள் நோயாளி இந்த 470 பேரின் கூட்டத்தைச் சேர்ந்தவர். மூளை, முதுகுத்தண்டுக் குழாய், கண்ணின் பின்பகுதி, சிறுநீர்வழியாகச் செய்யும் பிராஸ்டேட் ஆபரேஷன் போன்றவற்றில்தான் ஆஸ்பிரினைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். குடலில் கசியும் ரத்தம் கண்ணுக்குத் தெரியும், கட்டலாம்.

குளோபிடோக்ரல் நின்ற இடைவெளியை ஹெப்பரினால் நிரப்பலாம் என்று வார்டில் யாராவது எழுதினால் தடுத்துவிடுங்கள். ஸ்டென்ட் அடைப்பது தட்டணுவால். ஹெப்பரின் அதைக் காக்காது, ரத்தப்போக்கை மட்டும் கூட்டும். கால் ரத்தக்கட்டுத் தடுப்புக்குப் போடும் எனாக்சபாரின் 40 வேறு கணக்கு, அது வழக்கப்படி நடக்கட்டும்.

ஸ்டாட்டின்: நிறுத்தக் கூடாது, லோடிங்கும் வேண்டாம். ஸ்டாட்டின் எடுக்காத 648 பேருக்கு ஆபரேஷனுக்கு முன் அட்டோர்வாஸ்டாட்டின் 80 கொடுத்துப் பார்த்த பிரேசில் ஆய்வு 2016-இல் வந்தது, பயன் தெரியவில்லை. மாரடைப்பு வந்தவருக்கு 20 என்பதே குறைவு. சீட்டை மாற்றும்போது 40 ஆக்கிவிடுங்கள். அது வருடக்கணக்கான நன்மைக்கு, வியாழக்கிழமைக்கு அல்ல.

தடுப்புக்காக நைட்ரோகிளிசரின் டிரிப் வேண்டாம். அது சிரைகளைத் தளர்த்தி இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கும், பட்டினி கிடந்தவருக்குப் பிரஷர் விழும். வலி வந்து ஈசிஜி மாறினால் அப்போது போடலாம். குளோனிடினையும் பாய்ஸ்-2-இல் பார்த்தார்கள்: பிரஷர்தான் விழுந்தது, மாரடைப்பு குறையவில்லை. ஆனால் வீட்டில் ஏற்கெனவே குளோனிடின் எடுப்பவருக்கு நிறுத்தினால் பிரஷர் எகிறும். அதைத் தொடர வேண்டும்.

டிரெட்மில், ஆஞ்சியோ எதுவும் தேவையில்லை. இருதய இடர் மதிப்பெண்ணில் இவருக்கு 2: வயிற்றுக்குள் ஆபரேஷன் ஒன்று, இதய ரத்தக்குழாய் நோய் ஒன்று. மேடேறி மோட்டார் போட்டு வருபவருக்கு டிரெட்மில் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறது?

எனக்குக் கவலை தருவது அந்த ஹீமோகுளோபின் 8.6. வலதுபக்கக் குடல் புற்று மெல்ல மெல்ல ரத்தம் கசியும். ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் (இரும்புச்சத்து அளவுகள்) பார்த்துவிட்டு, இரும்புச்சத்து ஊசியான ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் 1,000 மி.கி.யை 250 மி.லி. சலைனில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்றுங்கள், நாளைக்கே. ஒன்பது நாளில் அற்புதம் நடக்காது. ஆபரேஷனுக்குப் பிறகு மீள்வதற்குக் கையிருப்பு கிடைக்கும். இதய நோய் உள்ளவருக்கு 8-க்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றலாம். 2011-இல் வந்த ஃபோகஸ் ஆய்வில் இடுப்பு ஆபரேஷன் ஆன 2,016 பேரில், 10-இல் வைத்திருப்பதற்கும் 8 வரை விடுவதற்கும் வித்தியாசம் இல்லை. ஒரு பை ஏற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள், இரண்டு பையை ஒன்றாகத் தொங்கவிடாதீர்கள்.

*

மஞ்சக்காடு

ரொம்ப நன்றிங்க. சீட்டை மாத்தி எழுதிட்டேன். சர்ஜன்கிட்டயும் பேசியாச்சு, 100-ஐ நீக்கிட்டார். ஆபரேஷனுக்கு அப்புறம் உள்ள நாளைப் பத்தி யாராச்சும் சொன்னா நல்லாருக்கும். அதோட இன்னொண்ணு: வார்டில் 74 வயசு அம்மா ஒருத்தர், கட்டுத்தரையில் வழுக்கி விழுந்து தொடை எலும்புக் கழுத்து முறிஞ்சிருக்கு. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வர்ற அட்டெனலால் 50 எடுத்துட்டிருந்தவங்க. விழுந்ததில் இருந்து ரெண்டு நாளா மாத்திரையே போடலை. நாளைக்குக் காலையில் ஆபரேஷன். ஆரம்பிக்கலாமா, இது "புதுசா ஆரம்பிக்கிற" கணக்கில் வருமா?

*

நொய்யல்

வராது. ரெண்டு நாள் விட்டவங்க இப்ப மருந்து திடீர்னு நின்ன பாதிப்பில் இருக்காங்க, அதனால திரும்பக் கொடுக்கணும். ஆனா கண்ணை மூடிக்கிட்டு 50 வேண்டாம். அட்டெனலால் சிறுநீரகம் வழியாப் போற மருந்து. விழுந்து கிடந்து, தண்ணி குடிக்காம, கிரியேட்டினின் ஏறியிருக்கும். முதல்ல வலியை அடக்குங்க (தொடை நரம்பை மரத்துப்போக வைக்கிற ஃபேசியா இலியாகா பிளாக் போட்டாலே நாடி 110-ல் இருந்து 90-க்கு வர்றது உண்டு), சலைன் ஓடட்டும், கிரியேட்டினின் பாருங்க. அதுக்கப்புறமும் நாடி 70-க்கு மேல, மேல் பிரஷர் 110-க்கு மேல இருந்தா 25 கொடுங்க. எக்கோவுக்காக ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க. தொடை எலும்பு 48 மணி நேரத்தைத் தாண்டினா நுரையீரலும் படுக்கைப் புண்ணும்தான் ஆளைக் கொல்லும்.

பீட்டா பிளாக்கரை எப்பவுமே எடுக்காத ஒருத்தருக்கு ஆரம்பிச்சே ஆகணும்னா, ஆபரேஷனைத் தவிர வேற காரணம் இருக்கணும், ஆபரேஷனுக்கு ஒரு வாரத்துக்கு மேல நாளும் இருக்கணும். பைசோப்ரோலால் 2.5-ல் தொடங்கி, ஓய்வில் நாடி 60 முதல் 70 வர்ற மாதிரி மெதுவா ஏத்தலாம். அந்த அவகாசம் இல்லைன்னா தொடாதீங்க.

உங்க மஞ்சள் விவசாயிக்குத் தியேட்டருக்குள்ள என்ன செய்வோம்னும் சொல்லிடறேன், சின்ன ஆஸ்பத்திரியில் செய்யறவங்களுக்கு உதவும். அவரோட சராசரி அழுத்தம் 93. அதில் 20 சதவீதத்துக்கு மேல விட மாட்டோம், அதாவது 75-க்கு மேலேயே நிறுத்துவோம். யாருக்கா இருந்தாலும் 65-க்குக் கீழே விடறதில்லை. நம்ம ஊர்ல பிரஷர் விழுந்தா கை தானா மெஃபென்டெர்மினுக்குப் போகும். அது துடிப்பையும் ஏத்தும். நாடி 55-க்குக் கீழே இருந்தா சரி, 6 மி.கி. போடலாம். நாடி 80, 90-ல் இருக்கும்போது ஃபெனைலெஃப்ரின் 50 மைக்ரோகிராம், இல்லைன்னா நார்அட்ரினலின். 4 மி.கி.யை 50 மி.லி.யில் கலந்தா, 58 கிலோ இருக்கிறவருக்கு, கிலோவுக்கு நிமிஷத்துக்கு 0.05 மைக்ரோகிராம் வேகம்னா மணிக்கு 2.2 மி.லி. டெல்மிசார்ட்டனை நிறுத்தாம வந்தவங்களுக்கு இது ரெண்டும் கேக்காமப் போகலாம், அப்ப வேசோபிரெசின் அரை யூனிட்டில் இருந்து 1 யூனிட்.

நாடி ஏறினா உடனே எஸ்மோலாலை (சீக்கிரம் கரையற பீட்டா பிளாக்கர் ஊசி) எடுக்கறதில்லை. வலி, ரத்தம், தண்ணி, ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, இதெல்லாம் பார்த்து முடிச்சு, அப்பவும் 100-க்கு மேல நின்னா கிலோவுக்கு அரை மி.கி.: இவருக்கு 29 மி.கி., 10 மி.லி.க்கு 100 மி.கி. உள்ள வயலில் இருந்து சுமார் 3 மி.லி. தப்பாப் போனாலும் அரை ஆயுள் 9 நிமிஷம்தான். மெட்டோபுரோலால் ஊசி தப்பாப் போச்சுன்னா மணிக்கணக்கில் தவிக்கணும்.

*

கீழ்பவானி
(ஐசியூ செவிலியர், ஈரோடு)

ஆபரேஷனுக்கு அப்புறம் நடக்கிறதை நான் சொல்றேனுங்க. சார்ட்டில் "வாய்வழி எதுவும் வேண்டாம்"னு ஒரு வரி விழும். அந்த வரியில் எல்லா மாத்திரையும் சேர்ந்து நின்னுரும், திரும்ப எப்போன்னு யாரும் எழுத மாட்டாங்க. ஐசியூவில் இருந்து வார்டுக்கு மாத்தும்போது புதுச் சார்ட் போடுவாங்க, அதில் மெட்டோபுரோலாலே இருக்காது. ரெண்டாம் நாள், மூணாம் நாள் நாடி 110 ஆகும்போதுதான் தேடுவாங்க.

வாந்தி இல்லாம ஒரு முடக்குத் தண்ணி குடிக்க முடிஞ்சா, அன்னைக்கு ராத்திரியே ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும், அடுத்த நாள் காலையில் மெட்டோபுரோலாலும் கொடுக்கலாம், சர்ஜன்கிட்ட முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிருங்க. மூக்குக்குழாய் இருந்தா சக்சினேட்டைப் பொடிக்காம, டார்ட்ரேட் 25 ரெண்டு வேளையா மாத்தி எழுதச் சொல்லுங்க. பொடிச்சுத் தண்ணியில் கரைச்சுக் கொடுத்து, 20 மி.லி. தண்ணி விட்டுக் குழாயைக் கழுவி, ஒரு மணி நேரம் கிளாம்ப் போட்டுக் குழாயை அடைச்சு வைங்க. இந்தக் கிளாம்ப்பை மறந்துட்டா கொடுத்த மருந்து பைக்குள்ள வந்துரும், சார்ட்டில் மட்டும் கொடுத்ததா இருக்கும். அட்டோர்வாஸ்டாட்டினையும் பொடிக்கலாம். ஆஸ்பிரின் மட்டும் குடலில் கரையற பூச்சு உள்ளது வேண்டாம், சாதாரண மாத்திரை.

குடல் அசையாம, குழாயில் பச்சையா வந்துட்டே இருந்தா மாத்திரை உறிஞ்சாது. அப்ப டாக்டர் ஊசி எழுதுவாங்க. வாய்வழி 50-க்கு ஊசி 20, ரெண்டரைக்கு ஒண்ணு கணக்கு. 6 மணி நேரத்துக்கு ஒருக்கா 5 வரும், ஆனா முதல் தடவை 2.5-தான். 5 மி.லி. ஆம்பூலில் 5 மி.கி. இருக்கும், பாதி ஆம்பூலை 5 நிமிஷம் எடுத்து மெதுவா, மானிட்டரைப் பார்த்துக்கிட்டே. நாடி 55-க்குக் கீழ, மேல் பிரஷர் 100-க்குக் கீழன்னா கொடுக்கறதில்லை. மானிட்டர் இல்லாத வார்டில் இந்த ஊசி வேண்டவே வேண்டாமுங்க.

அப்புறம் இதை நல்லாக் கேட்டுக்குங்க. பீட்டா பிளாக்கர் எடுக்கிறவருக்கு மூணாம் நாளில் இருந்து அஞ்சாம் நாளுக்குள்ள நாடி 96-னு இருந்தா, அதை 96-ஆப் பார்க்கக் கூடாது. மருந்து இல்லாதவருக்கு 120 மாதிரி. தையல் கசிஞ்சிருக்கலாம். வயித்தைத் தொட்டுப் பார்க்காம, சிஆர்பி (அழற்சியைக் காட்டற ரத்த டெஸ்ட்) பார்க்காம, "நாடி ஜாஸ்தி, மெட்டோபுரோலால் கூட்டு"ன்னு போனில் ஆர்டர் வந்தா, சர்ஜனை ஒருக்கா நேர்ல வரச் சொல்லிட்டுத்தான் கையை வைக்கணும்.

வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போடறதும் பழக்கமாவே ஆயிருச்சு. ஸ்டென்ட், கிரியேட்டினின் 1.4, ரெண்டு காரணம் போதும் வேண்டாங்கறதுக்கு. எபிடியூரல் ஓடட்டும், பாராசிட்டமால் 1 கிராம் 6 மணி நேரத்துக்கு ஒருக்கா.

*

சிறுவாணி

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று. எபிடியூரலும் வலி மருந்தும் ஓடும்போது மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலிக்காது. பாய்ஸ் ஆய்விலேயே மாரடைப்பு வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு அறிகுறி எதுவும் இல்லை. ஆகவே டிரோப்போனினை (இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் புரதம்) வலி வந்தால் பார்க்கலாம் என்று விடாதீர்கள்: ஆபரேஷனுக்கு முன் ஒன்று, 24 மணி நேரத்தில் ஒன்று, 48-இல் ஒன்று. மூன்றும் ஒரே லேப், ஒரே கிட். முதலாவதை ஊரில் டிரோப்போனின் ஐ என்று பார்த்துவிட்டு, பிறகு இங்கே டி பார்த்தால் ஒப்பிடவே முடியாது. கோடு விழும் அட்டைக் கிட் பயன்படாது, எண் வேண்டும். ஹை சென்சிட்டிவிட்டி டி என்றால் 20 முதல் 64 வரை வந்து குறைந்தது 5 ஏறியிருந்தால், அல்லது 65-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, இதயத் தசைக்குச் சேதம்.

ஏறியிருந்தால் ஆஞ்சியோ செய்யும் கேத் லேபுக்கு ஓட வேண்டியதில்லை. ஈசிஜி, ஹீமோகுளோபின், ஆக்சிஜன், பிரஷர், நாடி, இந்த ஐந்தில் காரணம் கிடைப்பதுதான் அதிகம். ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் நிஜமாகவே உள்ளே போகின்றனவா என்று சார்ட்டைப் பாருங்கள். ஈசிஜியில் எஸ்டி பகுதி ஏறியிருந்தாலோ, பிரஷர் தாங்காமல் போனாலோ, உடனே கூப்பிடுங்கள். 2018-இல் வந்த மேனேஜ் ஆய்வில், இப்படிச் சேதம் வந்தவர்களுக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் டபிகாட்ரான் 110 இரு வேளை கொடுத்ததில் ரத்தக்குழாய்ச் சிக்கல் 15 சதவீதத்தில் இருந்து 11-க்குக் குறைந்தது. ஆனால் புதிதாகத் தைத்த குடலோடு அதைத் தொடங்குவது, ஆஸ்பிரினும் இருக்கையில், சர்ஜனும் நாமும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியது. டெல்மிசார்ட்டனைப் பிரஷரும் கிரியேட்டினினும் நிலையாக இருந்தால் 48 மணி நேரத்துக்குள் திரும்பத் தொடங்குங்கள். டபாக்ளிஃப்ளோசின் சாப்பாடு சரியாக இறங்கிய பிறகுதான்.

*

அமராவதி

ஒரு சந்தேகமுங்க டாக்டர். வியாழன் காலை 6 மணி மாத்திரையை யார் கொடுக்கப் போறது? வீட்டிலா, வார்டிலா?

*

மஞ்சக்காடு

புதன் சாயங்காலமே அட்மிஷன். நைட் டூட்டி சிஸ்டர்தான் கொடுப்பாங்க.

*

அமராவதி

அப்ப கவர் எல்லாத்தையும் மகன் கையில விடாம சிஸ்டர்கிட்ட ஒப்படைச்சிருங்க. பழைய அட்டை மூணையும் வீட்டிலேயே வெச்சுட்டு வரச் சொல்லுங்க. விடியக்காலையில் எந்திரிச்சதும் பழக்கதோஷத்தில் பையில் இருந்து ஒண்ணு போட்டுக்குவார், 6 மணிக்குச் சிஸ்டர் ஒண்ணு கொடுப்பாங்க. நொய்யல் டாக்டர் அடிச்ச அந்த 100 அப்படியே உள்ள போயிரும், கூடவே டெல்மிசார்ட்டன் 40-ம்.